ஷமீமின் அத்தா கேட்ட கேள்வி

இன்று ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை எடுத்தபோது ஸ்பிரிட் வாசனையோடு ஷமீமின் நினைவு வந்தது.

எண்பதுகளின் கடைசியில், பூந்தமல்லியில் பத்தாவது முடித்ததும் நாங்கள் இருவரும் பதினொன்றாம் வகுப்பில் நர்சிங் பிரிவில் சேர்ந்தோம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. புண்ணைக் கண்டாலே எனக்குத் தலை சுற்றும். ஷமீமோ கட்டைப் பிரித்துக்கொண்டே நோயாளியைச் சிரிக்க வைப்பாள்.

"நீதான்டி நல்ல நர்ஸா வருவே," என்று சிஸ்டர் அவளிடம் சொன்னார். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மாலை, தையல்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, அங்க பொம்பளைங்க வார்டு மட்டும்தானே?"

அவருக்குப் பின்னால் நின்ற ஷமீம் என்னைக் கெஞ்சும் கண்களோடு பார்த்தாள்.

"ஆம்பளைங்க வார்டும்தான் மாமா," என்றேன்.

உண்மைதான். ஆனால் உண்மைக்காக நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வருடம் கல்யாணம் முடித்துவிட்டார்கள். நான் நர்ஸ் ஆனேன்.

சில வருடங்கள் கழித்து, குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, நர்ஸாயிட்டியாமே! அன்னிக்கு அத்தா கேட்டப்போ, பொய் சொல்லத் தெரியாம மாட்டிக்கினே, பாவம். அத நெனச்சி வருத்தப்படாதே."

நான் தலையாட்டினேன்.

இப்போது பாரிவாக்கத்தில்தான் இருக்கிறாள். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். இன்னும் போய்ச் சொல்லவில்லை.