சூடு இல்லை, கிருமி

அன்றைக்கு ஜீப்பில் இருந்தது நான்கு பேர். ஓட்டியவன் முருகேசன் — அவனே கேட்டுக்கொண்டதால் பெயரை மாற்றியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் சாமை விற்றுவிட்டு வெள்ளிமலைக்குத் திரும்பிய ஒரு பெரியவர். வெற்றிலைப் பையோடு ஒரு அம்மா. அப்புறம் நான்... கொண்டை ஊசி வளைவு வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

முருகேசன் அடிக்கடி வண்டியை ஓரங்கட்டினான். புதர்ப் பக்கம் போவான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவான்.

சூடு பிடித்திருக்கிறது என்று பெரியவர் தீர்ப்பு சொன்னார். அந்த அம்மா பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, இரண்டு கால் கட்டைவிரலிலும் தடவச் சொன்னார். தடவிக்கொண்டான். வெள்ளை விரலோடு மலைப்பாதையில் பிரேக் மிதித்தான்.

நம் பக்கத்தில் ஆம்பிளைக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் ஒரே காரணம்தான் — சூடு. இளநீர், வெந்தயம், மோர், சுண்ணாம்பு. கிருமி என்று யாராவது சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே!

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் பயந்தாங்கொள்ளி. எந்த நோய் என்றாலும் எனக்கு வந்துவிடுமோ என்று விசாரித்து வைத்திருப்பேன். மற்ற இருவரும் இறங்கியதும் அவனைக் கேட்டேன். எரிச்சல் மட்டும்தானா, சீழ் மாதிரி ஏதாவது வருகிறதா?

இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னான். காலையில் ஜட்டியில் மஞ்சளாகக் கறையாம். நுனியில் அரிப்பாம். மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையில் கொஞ்சம் கம்மியாகி, மறுபடி வந்துவிட்டதாம்.

"யார்கிட்டயும் சொல்லாதண்ணே. தெரிஞ்சா எவன் என் வண்டியில ஏறுவான்?"

சீட்டில் உட்கார்ந்தால் ஒட்டுகிற நோயா இது? மறுநாளே கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. நேராகக் கேட்டார். வெளியூர் சவாரி போன இடத்தில் நடந்ததை இவனும் சொன்னான். மூத்திரம் வருகிற குழாயில் தொற்று, பெரும்பாலும் உடலுறவில் வருவது என்றார். சிறுநீர், சீழ், ரத்தம் — மூன்றையும் டெஸ்டுக்கு எடுத்தார்கள். ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. மனைவியும் வந்து காட்ட வேண்டும். இருவருக்கும் வைத்தியம் முடிந்து ஒரு வாரமாவது ஆகும்வரை சேரக் கூடாது. இல்லாவிட்டால் இவனிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து இவனுக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அலட்சியமாக விட்டால் இவனுக்கு விதை வீங்கலாம், அவளுக்குக் குழந்தை தங்காமலே போகலாம்.

வெளியே வந்ததும் முருகேசன் ஒரு திட்டம் போட்டான் பாருங்கள்...

"என் மாத்திரையில பாதிய அவளுக்குக் குடுத்துடறேண்ணே. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறேன்."

இவனுக்கும் பாதி, அவளுக்கும் பாதி. கிருமிக்கு மட்டும் முழுக் கொண்டாட்டம்!

சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிற ஆள் நான். ஆனாலும் சொன்னேன்: "வூட்டுக்குப் போய் நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன்தான் சொன்னான். மென்று முழுங்கி, பாதி வார்த்தை தரையைப் பார்த்து. அவன் மனைவி செல்வி — இதுவும் மாற்றிய பெயர்தான் — அழவில்லை, கத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அடிவயிறு வலிக்குதுன்னு எத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன்? நீ இன்னா சொன்ன? சூடு, மோரு குடின்ன."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"வண்டிய எடு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வெளிய நில்லு."

வெளியேதான் நின்றான்.

இதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். எழுதுவேன். செல்வியும் குடும்பம்தானே? எரிந்தால் டாக்டரிடம் போங்கள். சீழ் வந்தால் இன்றைக்கே போங்கள். தனியாகப் போகாதீர்கள், வாழ்க்கைத் துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே போங்கள். அசிங்கம் என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள். திட்டு எனக்கு வரட்டும்.

இப்போது இருவருக்கும் தொற்று போய்விட்டது. முருகேசன் மட்டும் இன்னும் ஜீப்பில்தான் படுக்கிறான் — அதற்கு டாக்டரம்மா மாத்திரை எழுதித் தரவில்லை.