சவுரிமுத்து கையில் புட்டி

பீர்க்கன்கரணைக் கொத்தனார் சவுரிமுத்து எனக்கு மாமன் மகன். அவன் தங்கையைக் கட்டியவன் தயாளன். அந்தத் தயாளன்தான் அவனைத் தூம்பா தூக்க வேண்டாம் என்று சொன்னவன்.

தூம்பா என்பது பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தித் தெருவில் கொண்டுபோகும் பாடை. முன்பக்கம் தோள் கொடுப்பது சவுரி வீட்டு ஆம்பிளைகளின் வழக்கம். அவன் அப்பா தூக்கினார், அவருடைய அப்பாவும் தூக்கினார். குடிக்கிறவன் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. சவுரி ஆயுசில் குடித்ததில்லை.

வாலிபத்தில் ஏரிக்கரையில் ஒரு சினிமா எடுத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் தலையில் தொப்பியை மாட்டி, கையில் புட்டியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே டீத்தண்ணி. அந்தப் படத்தில் எங்களைப் போல வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்றால் குடிகாரன், வேதக்காரி என்றால் கவுன் போட்டவள். எங்கள் பெண்கள் எந்தக் காலத்தில் கவுன் போட்டார்கள்? புடவையும் மல்லிப்பூவும்தான். நல்லவன் அழுதுகொண்டே இருப்பான், கெட்டவன் தூக்கத்திலும் மீசையை முறுக்குவான். தாம்பரத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை.

ஆனால் அதற்குள் ஊர் பார்த்துவிட்டது.

“சனம் சிரிக்கும் மச்சான். நீ தோள் குடுக்க வேணாம்,” என்றான் தயாளன்.

“டீத்தண்ணி மச்சான் அது.”

“எனுக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது?”

அதற்குமேல் சவுரி கேட்கவில்லை. வருஷா வருஷம் பாடைக்கு வெகுதூரம் பின்னால் நடந்து வந்தான். அந்தப் படத்தை அவன் பார்க்கவே இல்லை.

போன தவக்காலத்தில் தயாளன் மகன் பென்னி அதை எங்கிருந்தோ தேடி எடுத்து டிவியில் போட்டான். இப்போது தூம்பாவுக்கு ஆள் சேர்ப்பவன் அவன்தான். சவுரி வந்த இடத்தில் படத்தை நிறுத்தினான்.

“இன்னா மாமா இது, தீர்த்தம் கொண்டாந்த மாரி ரெண்டு கையால புடிச்சிகினு கீற? மூடியே தொறக்கல. மூடியோட குடிக்கிற.”

“தொறந்தா சிந்தும்பா. சினிமா கம்பெனி சட்டை,” என்றான் சவுரி.

“குடிகாரன் எவனாவது மூடியோட குடிப்பானா?”

யாரும் சிரிக்கவில்லை. தயாளன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கும் பாத்தேன் மச்சான். புட்டியப் பாத்தேன், மூடியப் பாக்கல,” என்றான். “இந்த வருஷம் நீ தோள் குடு.”

“முட்டி போச்சு மச்சான்.”

ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தான். கூன் விழுந்த தோளுக்குத் தண்டு எட்டவில்லை. பென்னி மற்றவர்களைப் பார்த்து, “அல்லாரும் எறக்கிப் புடிங்கப்பா,” என்றான். அன்றைக்கு எங்கள் தெருவில் ஆண்டவர் தாழ்வாகத்தான் போனார்.