வேட்பாளரை வெயிலில் நிறுத்திவைத்த ராசாத்தி

எங்கள் ராசாத்தி அக்காவுக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இலுப்பூர் கடையில் தேங்காய் அழுகல் என்றால் பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வருவார். அவர் செயலாளராக இருக்கும் கண்மாய் பாதுகாப்பு அறக்கட்டளையில் நாங்கள் நாற்பது பெண்கள்; எங்கள் பேச்சில் அது சங்கம். எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத நிறம் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி, எங்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை எடுத்தவரும் அவர்தான்.

போன தேர்தலில் உடையப்பன் எங்கள் தொகுதியில் நின்றார். கண்மாயை அளக்க சர்வேயரைக் கூட்டிவர எங்களோடு ஆறு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த மனிதர். அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்க அக்கா துடித்தார். குறுக்கே நின்றது எங்கள் ஆடிட்டர் ரகுநாத். கண்மாய்க்குப் புது மடை கட்டித் தருவதாகச் சொன்ன திருச்சி கம்பெனி, கொடுக்கிற நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்றுதான் தருகிறது. இது பொதுத்தொண்டு அமைப்பு என்று வருமான வரி ஆபீஸ் பதிவு கொடுத்திருப்பதால்தான் அந்தச் சலுகை. அறக்கட்டளை ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டால் பதிவுக்கே ஆபத்து, அப்புறம் மடையை மறந்துவிடுங்கள் என்றார். உறுப்பினர்கள் அவரவர் விருப்பப்படி யாரையும் ஆதரிக்கலாமாம். செயலாளர் முகம்தான் சங்கத்தின் முகம், ஆகவே அக்கா மட்டும் ஒதுங்கியிருப்பது நல்லதாம். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

உடையப்பனின் பிரசார வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஆரத்தித் தட்டோடு காத்திருந்தோம். அத்தனை பேரும் கத்தரிப்பூ நிறத்தில்! நல்ல காரியம் என்றால் அந்தச் சேலையைக் கட்டியே பழகிவிட்டோம், ஒருத்திக்கும் யோசனை ஓடவில்லை. படமெடுக்க ஒருவர் செல்போனைத் தூக்கியும் விட்டார். அக்கா ஓடிவந்து வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

“செத்த இருங்கண்ணே. இவளுக சங்கத்துச் சேலையை மாத்திட்டு வரட்டும்.”

தட்டை வைத்துவிட்டு நாற்பது பேரும் வீட்டுக்கு ஓடினோம். அவசரத்தில் என் கைக்கு வந்தது கல்யாணப் பட்டு. அதைச் சுற்றிக்கொண்டு வந்தேன். இருபது நிமிடம் சித்திரை வெயிலில் வேர்த்து வழிந்தபடி வேட்பாளர் நின்றார். பிறகு ஆரத்தி எடுத்தோம். அக்கா மட்டும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றார். உடையப்பன் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. உடையப்பன் முகம் சுருங்கிப்போனது. எனக்கே அக்கா மேல் கோபம் வந்தது.

முந்நூறு ஓட்டில் உடையப்பன் தோற்றார். அந்த முந்நூறையும் தன் வாய் ஒன்றே வாங்கிக் கொடுத்திருக்கும் என்று அக்கா புலம்பாத நாள் இல்லை.

மடை வேலை முடிந்து, மழையில் கண்மாயும் பெருகி, கார்த்திகையில் தண்ணீர் திறக்க நாள் குறித்தோம். உடையப்பனும் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அக்கா நேரே அவரிடம் போனார்.

“என் ஓட்டு ஒங்களுக்குத்தாண்ணே. அன்னைக்குச் சொல்ல முடியாமப் போச்சு.”

“எனக்கு அன்னைக்கே தெரியும் தங்கச்சி,” என்றார் அவர். “மொதல்ல வருத்தந்தான். வேன்ல போறப்பதான் யோசிச்சேன். வேண்டாதவன்னா போங்கன்னு அனுப்பியிருப்ப. நாப்பது பேரைச் சேலை மாத்தச் சொல்லியா கூட்டியாருவ?”

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மடைக்கதவை முதலில் திருகச் சொன்னார்.