நைட் ஷிப்ட் வாரத்தில் யுகுலேலே

சின்ன கிடார் போன்ற யுகுலேலே ஒன்றை வாங்கிக்கொண்டு ஆவடியிலிருந்து ரயிலில் திரும்பியபோது, மகளிர் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் மடியிலிருந்த பையைப் பார்த்து, "பாப்பாவுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் பையை இன்னொரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு பரீட்சைக்காகவோ ஒரு வேலைக்காகவோ கற்றதுதான். எதற்கும் உதவாத ஒன்றை முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்டு நெமிலிச்சேரி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தப் பயம் பாட்டைப் பற்றியது இல்லை, என் நைனாவின் தூக்கத்தைப் பற்றியது.

நைனா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கையை எடுப்பதற்கும் மிதிப்பதற்கும் நடுவில் ஒரு கண் அசந்தால் போதும். அவரோடு வேலை பார்த்த ஒருவர், பகலில் சரியாகத் தூங்காமல் நைட் ஷிப்டுக்குப் போய், இரண்டு விரல்களை அந்த மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அப்போது சின்னப் பிள்ளை. அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்றே அம்மா எங்கள் வீட்டில் சத்தத்துக்குத் தடை போட்டுவிட்டாள்.

வீடு என்பது ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். நைனாவுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஹாலில் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டால் சாயங்காலம் வரை ஹால் அவருடையது. அம்மா கதவுக் கொண்டிக்குத் துணி சுற்றி வைத்தாள். பாத்திரத்தைப் பாத்திரத்தின் மேல் வைக்காமல் தரையில் வரிசையாகப் பரப்பினாள். வாசலில் கீரைக்காரம்மா கூவ வாயெடுத்தால், அம்மா ஓடிப்போய் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அந்தம்மாவும் எங்கள் வீட்டைத் தாண்டும்வரை கூடையோடு பூனைபோல நடந்து போய், அடுத்த வீட்டு வாசலில்தான் கூவுவார்.

என் படிப்பும் அந்த அமைதிக்குள்தான் நடந்தது. உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பேன். வாய்ப்பாடு, மனப்பாடச் செய்யுள், ஆங்கிலக் கட்டுரை எல்லாம் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. நைனாவும் அம்மாவும் சின்ன வயசிலேயே கழனியில் இறங்கியவர்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னால் குரல் வராது. "டிவி ஓடுது மிஸ், சவுண்டுதான் வர்ல" என்று பின்பெஞ்சு கத்தும். மிஸ்ஸும் சிரித்துவிடுவார்.

இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. மதியம் தொடங்கி இரவில் முடியும். பேச வேண்டியதில்லை, தட்டச்சு மட்டும்தான். எனக்காகப் படைக்கப்பட்ட வேலை என்று அம்மா சொல்வாள்.

என் அணியில் வேலை செய்யும் தோழி ஒருத்தி ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தது. அவள் அப்பா தண்ணீர் எடுக்க வந்தவர் போகிற போக்கில் அதில் நாலு கட்டையைத் தட்டிவிட்டுப் போனார். அவள் அம்மா உள்ளேயிருந்து, "அந்த மூணாவது தப்பு!" என்று கத்தினார். "உன் சாம்பார்ல உப்பு மாதிரியா?" என்று இவர் திருப்பிக் கத்தினார். யாருக்கும் கோபமில்லை. அந்த வீட்டில் சத்தம் தண்ணீர்க் குழாய் மாதிரி, யார் வேண்டுமானாலும் திறந்து மூடலாம். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கருவி வேண்டும் என்று தோழியிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு நன்றி.

அடுத்த வாரம் ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு சின்ன இசைக்கருவிக் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் முதலில் கிடாரை எடுத்துக் கொடுத்தார். ஒரு தட்டுத் தட்டியதும் எங்கள் ஹாலும் அதில் நைனாவின் பாயும்தான் கண் முன்னால் வந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் பகலில் ஒருவர் தூங்குவார் என்றேன்.

"அப்போ கீபோர்டு எடுத்துக்குங்க சிஸ்டர். ஹெட்போன் மாட்டிட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காது."

தோழி என்னைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான பதில். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே படித்தாகிவிட்டது. பாட்டும் காதுக்குள்ளேயே முடிய வேண்டுமா? சின்னதாக இருந்தாலும் காற்றில் வரும் சத்தம் வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அதுதான் எனக்கு வேண்டியது என்பதே எனக்குத் தெரிந்தது.

அப்படித்தான் யுகுலேலே வந்தது. முதலில் காட்டியது சொப்ரானோ என்கிற ஆகச் சின்ன அளவு. சிவப்பு பெயிண்ட் அடித்து, பொம்மைபோல அழகாக இருந்தது. ஆனால் எனக்கு நைனாவின் விரல்கள். நீளம், கணுவும் தடிமன். மூன்று விரல்களை ஒரே இடத்தில் வைக்கச் சொன்னபோது பீக் ஹவர் ரயில் மாதிரி ஒன்றையொன்று இடித்தன. அதற்கு அடுத்த அளவான கான்சர்ட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது. தோழி ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தாள். கம்பியை வெறுமனே மீட்டுவாள், பிறகு கம்பியின் சரிபாதியில், ஃப்ரெட் என்கிற குறுக்குக் கட்டைகளில் பன்னிரண்டாவதில் அழுத்தி மீட்டுவாள். இரண்டும் ஒரே சுரமாக, ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் கேட்க வேண்டுமாம். பளபளவென்று இருந்த ஒன்று அதில் தோற்றது. இன்னொன்றில் கம்பிகள் கழுத்திலிருந்து உயர நின்றன, அழுத்தினால் விரல் வலித்தது. கடைசியில், எந்த அலங்காரமும் இல்லாத பழுப்பு நிற யுகுலேலே ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நைலான் கம்பிகள். மீட்டினால் சத்தம் என் மடியிலிருந்து கிளம்பி வாசல்வரை போய் நின்றுவிடும்போல இருந்தது. எனக்கு அது போதும்.

வீட்டில் அம்மா அதைப் புது வண்டிபோல வரவேற்றாள். மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து, "கழுத்துல வெக்கவா, ஓட்டையைச் சுத்தி வெக்கவா?" என்று கேட்டாள். கற்பூரம் காட்டிவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்கப் போனவளை, "எந்தச் சக்கரத்துக்கு அடியில வெக்கப் போறே?" என்று கேட்டு நிறுத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, யார் ஊட்டு கிடாரு குட்டி போட்டுச்சு?" என்றார். அன்று நைனாவுக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் வந்து கையைத் துணியில் துடைத்துவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார். "வெயிட்டே இல்லியே. உள்ள இன்னா கீது?" என்றார். "காத்துதான் நைனா" என்றேன். சிரித்தார்.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். புதுக் கம்பிகள் முதல் சில நாள் இழுபடும், மீட்ட மீட்டச் சுருதி இறங்கும், திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது; நாலு கார்டுகள் போதும், நிறையப் பாட்டு வாசிக்கலாம் என்றார்கள். ஸி-க்கு ஒரு விரல். ஏ மைனருக்கும் ஒரு விரல். எஃப்-க்கு இரண்டு. ஜி-க்கு மூன்று. முதல் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. எஃப்-லிருந்து ஜி-க்குப் போகும்போது மட்டும் வலது கை நின்று, இடது கை தன் விரல்களைத் தேடும். கண்டுபிடித்து வைத்த பிறகு மறுபடி புறப்படும்.

பகல் ஷிப்ட் வாரத்திலும் மாலை ஷிப்ட் வாரத்திலும் கவலையில்லை. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் எனக்குக் கிடைப்பதும் காலை, நைனா தூங்குவதும் காலை. அந்த வாரங்களில் ஒரு பழைய துண்டை மடித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுவேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து இடது கைக்கு மட்டும் பயிற்சி. டொக், டொக் என்று ஒரு மொட்டைச் சத்தம் வரும், அவ்வளவுதான். அம்மாவும் ஒப்புக்கொண்டிருந்தாள். "அவரு எழுந்தாரு, அப்பறம் இது பரண்ல ஏறிடும், பாத்துக்க." அவள் மிரட்டவில்லை. அந்த இரண்டு விரல்களை அவளும் மறக்கவில்லை. நானும் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன், ஒரு தடவை அவர் தூக்கம் கெட்டால் இதைத் தோழியிடம் கொடுத்துவிடுவது என்று.

சித்திரை வெயிலில் ஒரு நைட் ஷிப்ட் வாரம். நைனா படுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் எஃப்-லிருந்து ஜி-க்கு விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். டொக். தேடல். டொக். முகத்தைச் சுவர் பக்கம் வைத்திருந்த நைனா, திரும்பாமலேயே பேசினார்.

"இன்னாம்மா பண்ணிகினு கீறே?"

"ஒண்ணும் இல்ல நைனா. சத்தமே போடல. துண்டு வெச்சிருக்கேன்."

"அதாம்மா தொல்லை. டொக்குன்றே, அப்பறம் கம்முனு ஆயிடறே. அடுத்த டொக்கு எப்போ வரும்னு காத்துகினே கீறேன். எங்க தூங்கறது?"

அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "எடுத்து வெய்டி அத்த. சொன்னேனா இல்லியா?"

"எடுத்து வெக்காதம்மா" என்று நைனா எழுந்து உட்கார்ந்தார். "அந்தத் துணிய உருவிட்டு நல்லா வாசி. தப்பாகூட வாசி. நடுவுல நிறுத்தாத, அவ்ளோதான். பட்டறைல டீ டைம்ல ஓரமா சாஞ்சேன்னா, சுத்தி எல்லா பிரஸ்ஸும் ஓடினுதான் இருக்கும், எனக்குத் தூக்கம் வந்துடும். ஒரு மிஷின் நின்னுச்சுனா எழுந்து குந்திப்பேன். மிஷின் நின்னா யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சுனு அர்த்தம். அமைதின்னாலே எனக்குத் திக்குனு கீது. அன்னிக்குப் பக்கத்து மனைல போர் போட்டான் பாரு, பூமியே அதிருச்சு. எப்படித் தூங்கினேன்!"

அம்மா கரண்டியை இறக்கவில்லை. "இத்தினி வருசமா நாங்க மூச்சுகூட மெதுவா உட்டுனு கீறோம். வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாயா?"

நைனா பாயின் ஓரத்தை நீவிவிட்டார். "எனக்கோசரம் நீங்க ரெண்டு பேரும் அம்மாம் பாடுபட்டு கம்முனு கீறீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? லேட்டானாலும் தூக்கம் வந்துடும். அப்பறம் பாப்பா வேற படிச்சுகினு இருந்துச்சு. அதுக்கு அமைதி நல்லதுதானேனு உட்டுட்டேன்."

நாங்கள் அவருக்காகக் காத்த அமைதியை அவர் எனக்காகக் காத்து வந்திருக்கிறார். அந்த அமைதியில்தான் நான் வாய்ப்பாட்டிலிருந்து பட்டம்வரை வந்தேன். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் துண்டை உருவினேன்.

வாசித்தேன். ஸி, ஏ மைனர், எஃப். ஜி வந்தபோது விரல்கள் வழக்கம்போலத் தொலைந்துபோயின. ஆனால் நிறுத்தக் கூடாது. வலது கை தன்பாட்டுக்குப் போக, இடது கை எதை எதையோ அழுத்தியது. அசிங்கமான ஒரு சத்தம் வந்தது. அதற்குள் ஸி வந்துவிட்டது. அடுத்த சுற்றிலும் அசிங்கம்தான். ஆனால் பாட்டு உடையவில்லை. எத்தனையோ சுற்றுக்குப் பிறகு ஒரு தடவை, மூன்று விரல்களும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தன. ஹாலில் நைனாவின் குறட்டை தொடங்கியிருந்தது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். நிறுத்தினால் அவர் எழுந்துவிடுவாரே! விரல் நுனியெல்லாம் எரிந்தது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கண்ணாலேயே அம்மாவைக் கூப்பிட்டேன். பகலில் ஓடவே ஓடாத மாவு கிரைண்டரை அம்மா முறைத்துப் பார்த்தாள், பிறகு என்னை. ஊறவைத்திருந்த உளுந்தை அள்ளிப் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். கல் கடகடவென்று சுற்றியது. நைனா புரண்டு படுத்தார். குறட்டை நிற்கவில்லை.

"கைய எடுடி" என்றாள் அம்மா, கிரைண்டர் சத்தத்துக்கு மேலே, முழுக் குரலில். "மீதிய நான் பாத்துக்கறேன்."

அன்று நைனா வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார். முகம் கழுவி, டீ குடித்து, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். கண்ணில் சிவப்பே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "நாளைக்கும் வாசிப்பல்ல?" என்றார்.

"வாசிக்கிறேன் நைனா" என்றேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.