எல்லா அனுமதியும் கொடுத்தேன்

பிள்ளைகளே, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பேன். புளியங்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பன் செல்வம், போட்டோவை அளவாக வெட்ட ஒரு புரோகிராம் எழுதி என் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தான்.

கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம். செல்வத்தின் புரோகிராமோ எல்லா ஃபோல்டரையும் நெட்டையும் கேட்டது. போட்டோ வெட்ட, படம் இருக்கும் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டால் போதும். நெட் எதற்கு என்று அவனிடம் கேட்டேன்.

"ஒண்ணொண்ணா கேக்கியே, என்னையே சந்தேகப்படுதியால? எல்லாத்தையும் குடு" என்று சிரித்தான். நண்பனாயிற்றே என்று கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கல்லூரியில் படிக்கும் நந்தினி கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த என் போட்டோ புளியங்குடி ஸ்டுடியோ போர்டுல நிக்கி. யார கேட்டு குடுத்தீங்க?"

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், அந்தப் புரோகிராம் என் கடைப் படங்களையெல்லாம் நெட் வழியாகச் செல்வத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீதானல அனுமதி குடுத்த" என்றான்.

போர்டை எடுக்க வைத்தேன். அவனோடு பேச்சில்லை. இப்போது எந்தப் புரோகிராமுக்கும் தேவையானதை மட்டுமே அனுமதிக்கிறேன்.

நந்தினி இன்றும் ஜெராக்ஸுக்கு என்னிடம்தான் வருகிறாள். போட்டோவுக்கு மட்டும் வேறு கடைக்குப் போகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.