இரைச்சல் வரும் வீடு

மணப்பாட்டு மேட்டில் ஆன்டெனாவை நட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள் பூமியை உரசி வெளிப்பட்டால் நொடிக்கும் குறைவான ஒரு ரேடியோத் துடிப்பு எழும். அதைப் பிடிக்கும் அளவுக்கு இங்கே அமைதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன். திரையில் விடாமல் இரைச்சல். தேடிப் போனால் மேட்டடியில் செல்வமேரி அக்காவின் வீடு. படகுகளோடு பேசும் வயர்லெஸ் செட், ஒரு மலிவு சார்ஜரில் ஓடிக்கொண்டிருக்கிறது; இரைச்சல் அந்தச் சார்ஜரிலிருந்துதான்.

"ஒரு மணி நேரம் அணைச்சு வைக்க முடியுமாக்கா?"

"எங்க வீட்டுக்காரவிய கடைசியா இதுலதான் பேசுனாவ. 'வலைய ஏத்திட்டோம், வாரோம்'னு. ரெண்டு வருசமா அணைச்சதில்ல." என்னிடம் கேட்கிறாள்: "நீங்க தேடுதது எப்பவாச்சும் கேட்டிருக்கா?"

"இன்னும் இல்லக்கா. பதினோரு வருசமாச்சு."

என்னையே பார்க்கிறாள். பிறகு சார்ஜரோடு செட்டையும் அணைத்துவிட்டு என்னோடு மேட்டுக்கு வருகிறாள்.

திரையில் கோடு அசையாமல் கிடக்கிறது. நான் ஊர் ஊராகத் தேடிய அமைதி. அவள் கடலைப் பார்க்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "போதும்க்கா, போய் செட்டப் போடுங்க" என்கிறேன்.

அவள் மணலில் ஓடுகிறாள்.