எங்கள் பெய்ஸ் ஃபேனின் கடகடப்பு

கட கட கட... பிறகு ஒரு உறுமல்... திரும்பவும் கட கட கட...

நாலைந்து வருடத்துக்கு முன்னர் ஒரு குளிர்காலம் முழுக்க, நோர்வேயில் எங்கள் புருசெத் வீட்டு ஹாலில் கேட்ட சத்தம் இது. பிர்ச் விறகு எரிகிற மணம், பக்கத்தில் காயப்போட்ட, பனியில் நனைந்த சப்பாத்துகளின் மணம், எல்லாவற்றுக்கும் மேலே இந்தச் சத்தம்.

பெய்ஸ் என்றால் சுவருக்குள் பதித்த விறகு அடுப்பு. எங்களுடையதில், சூட்டை வெளியே தள்ள அடியில் ஒரு ஃபேன் இருக்கிறது. முதல் இருந்த வீட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போனது. அதைப் போட்டால்தான் ஹால் முழுக்கச் சூடு பரவும். ஆனால் போட்டால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது.

அம்மா போன பிறகு அப்பா திராமன் நகரில் இருந்த வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்திருந்தார். பெய்ஸுக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது.

அப்பாவைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய ஞாபகசக்தியும் தெரியும். கலியாணப் பேச்சு என்றால் எங்கள் சனம் முதலில் அவரிடம்தான் விசாரிக்க வரும். பெடியன் யாருடைய மகன், தாய் எந்த ஊர், தகப்பன் முதலில் துரொண்ட்ஹெய்முக்கு வந்து யாரோடு இருந்தவர்... கேட்டு முடிக்க முன்னமே பதில் வந்துவிடும். இரண்டு தலைமுறைக்கு முந்திய வேலிச் சண்டையும் கூடவே வரும். அம்மா இருந்தவரைக்கும், "காணும், விடுங்கோ" என்று அவ சொன்னால்தான் நிற்கும். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும்தான்.

அந்தக் குளிர்காலம் மட்டும் வந்தவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. யாராவது கேட்டால் அப்பா ஃபேன் பக்கம் கையைக் காட்டுவார். "இந்தச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை." நான் ஃபேனை நிற்பாட்டினால், குளிருது என்று சொல்லி அவரே எழும்பிப் போய்ப் போட்டுவிடுவார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு ஃபேன் மேல்தான் கோபம். மனிசன் நாலு பேரோடு கதைத்துச் சந்தோஷமாக இருக்கவும் இந்தச் சனியன் விடுகிறதில்லையே என்று...

என் கணவர் செந்தில் மதுரைக்காரர், ஐடி வேலை. வீட்டில் இருந்து மீட்டிங் பேசுகிறவர் என்பதால் அவருக்கும் அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நெருப்பு முழுக்க அணைந்து ஆறும்வரை காத்திருந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, யூடியூபைப் பார்த்துப் பார்த்து ஃபேனை வெளியே இழுத்து எடுத்தார்.

உருளை மாதிரி ஒரு சக்கரம், சுற்றிவர மெல்லிய தகடுகள். அதில் ஒரு பக்கம் மட்டும் மண்ணிறத்தில் களி மாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது. மணந்து பார்த்தேன்... சாம்பிராணி.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா பெய்ஸுக்குள் இருந்துதான் தணல் எடுத்துச் சாம்பிராணி போடுவார். பக்கத்திலேயே திறந்த குசினி, அங்கே வடையும் மீனும் பொரிப்போம். அந்தப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு எல்லாவற்றையும் ஃபேன் இழுத்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் பாரம் கூடி, சுற்றும்போது ஆடியிருக்கிறது.

"நார்வேல வேற எந்த வீட்டு ஃபேனும் இவ்வளவு வாசமா கெட்டுப் போயிருக்காது" என்றார் செந்தில்.

மோட்டாரில் தண்ணி படாமல், பழைய பல் பிரஷால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். நன்றாகக் காயவைத்து, அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, இரும்பும் இரும்பும் முட்டாமல் ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம்.

போட்டால்... மூச்சு விடுகிற அளவு சத்தம்தான். விறகு வெடிக்கிறதுகூடக் கேட்டது. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். இனி அப்பா வாய் மூடமாட்டார் என்று செந்திலிடம் சொன்னேன்.

அடுத்த நாள் மலரக்கா வந்தா. பக்கத்து புளொக்கில் இருக்கிறவ. மகளுக்கு ஒரு இடம் பேசி வந்திருக்கிறதாம். வீட்டில் ஒரு இரைச்சலும் இல்லை. அவ ஆறுதலாகக் கேட்டா:

"அண்ணை, ராசநாயகத்தின்ரை பெடியனுக்குத்தான் கேக்கினம். அவை எப்பிடி ஆக்கள்?"

அப்பா அவவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஃபேன் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை."

மலரக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் குனிந்து பார்த்தா. ராசநாயகம் மாமா, அப்பாவின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. பதில்தான் இல்லை.

மலரக்கா போன பிறகு அப்பா நெருப்புக்குள் இன்னொரு விறகை வைத்தார். பிறகு மெல்லமாகச் சொன்னார்.

"நல்லாய்த்தான் திருத்திப் போட்டியள்."

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு யாரோ வருகிறோம் என்று போன் பண்ணிய ஒரு நாள், நான் ஸ்க்ரூவைக் கழற்றி அந்த ரப்பர் துண்டுகளை எடுத்துவிட்டு, இறுக்காமல் திரும்பப் பூட்டினேன். கட கட கட... அப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். செந்தில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மீட்டிங்கில் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கினார்.

இப்போது அப்பா முதியோர் இல்லத்தில். செந்தில் ரப்பரைத் திரும்பவும் வைத்துவிட்டார். விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் டீவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு இருக்கிறோம்.

அங்கே அப்பாவின் அறை நல்ல சூடு. எங்கிருந்து சூடு வருகிறது என்றே தெரியாது. நடக்கிற சத்தம்கூடக் கேட்காது.

போன கிழமை போனபோது, அங்கே வேலை செய்யும் பிள்ளை குனிந்து, என்னைக் காட்டி, இவ யார் என்று அப்பாவைக் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அப்பா என்னையே பார்த்தார்... பிறகு சுவரை, ஜன்னலை, கதவை. கை பாதி எழும்பி, காட்ட ஒன்றும் இல்லாமல் மடியில் விழுந்தது.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று நான் அவளிடம் நோர்வேஜியனில் சொன்னேன்.

அப்பா ஓம் என்று தலையாட்டினார்.